பைவாட்டர்ஸ் அப்புறம் என்ன செய்தார்? வைவாவில் விழித்த கதை

இரவுப்பணி (வெள்ளி, இரவு 11.20)

போன வாரம் இன்டர்னல் வைவா, அதாவது வாய்மொழித் தேர்வு. கேட்டவர் ஓய்வுபெற்ற பேராசிரியர். "க்ரஷ் சிண்ட்ரோமை (உடம்பு நசுங்கியதால் சிறுநீரகம் கெடுவதை) விவரித்தது யார்?" என்றார். பைவாட்டர்ஸ், 1941 என்று டக்கென்று சொல்லிவிட்டேன். "சரி, அப்புறம் அவர் என்ன செய்தார்?" என்று கேட்டாரே பார்க்கலாம். "கிட்னியிலேயேதான் இருந்திருப்பார் சார்" என்று உளறினேன். சிரித்தபடி அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்.

அந்தச் சிரிப்பு மூன்று நாள் தூங்கவிடவில்லை. ஞாயிறு முழுக்க உட்கார்ந்து படித்தேன். படித்ததை இங்கே வைக்கிறேன், தப்பிருந்தால் பெரியவர்கள் திருத்துங்கள்.

எரிக் பைவாட்டர்ஸ் 1910இல் பிறந்தவர். போருக்கு முன்பு பாஸ்டன் போய் மூட்டு, குருத்தெலும்பு என்று ஆராய்ந்துகொண்டிருந்தார். சிறுநீரகம் அவர் துறையே இல்லை. போர் வந்ததும் லண்டன் திரும்பி ஹேமர்ஸ்மித் மருத்துவமனையில் சேர்கிறார். 1940 செப்டம்பர் 7இலிருந்து லண்டன்மீது குண்டு விழுகிறது. வீடுகள் சரிந்து ஜனங்கள் செங்கல்லுக்கும் உத்தரத்துக்கும் அடியில் மணிக்கணக்கில் சிக்கிக் கிடக்கிறார்கள்.

வெளியே எடுக்கும்போது ஆள் நன்றாகவே இருக்கிறார். பேசுகிறார். நசுங்கிய கால் மரத்துப்போயிருக்கிறது, கொஞ்சம் வீங்கியிருக்கிறது, அவ்வளவுதான். சில மணி நேரம் கழித்து கால் பலூன் மாதிரி வீங்குகிறது, ரத்த அழுத்தம் விழுகிறது. பிளாஸ்மா ஏற்றினால் அழுத்தம் சரியாகிவிடுகிறது. டாக்டர்கள் பெருமூச்சு விடுகிறார்கள். ஆனால் சிறுநீர் குறைகிறது. வருகிற கொஞ்சமும் கறுத்து வருகிறது. யூரியா ஏறுகிறது, பொட்டாசியம் ஏறுகிறது. ஒரு வாரத்துக்குள் பல பேர் திடீரென்று போய்விடுகிறார்கள். பிரேதப் பரிசோதனையில் பார்த்தால் சிறுநீரகத்தின் நுண்குழல்களில் பழுப்பு நிறக் கட்டிகள் அடைத்திருக்கின்றன.

இப்படி 4 பேரைப் பற்றி பைவாட்டர்ஸும் பீல் என்பவரும் 1941 மார்ச்சில் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார்கள். அதே வருடம் இன்னொரு கட்டுரை: அந்த நிறமி ரத்தத்திலிருந்து வந்ததல்ல, நசுங்கிய தசையிலிருந்து வந்த மயோகுளோபின் என்ற புரதம். 1944இல் ஸ்டெட் என்பவரோடு சேர்ந்து முயல்களுக்கு மயோகுளோபின் கொடுத்துப் பார்க்கிறார். சிறுநீர் அமிலமாக இருந்தால்தான் சிறுநீரகம் அதிகம் கெடுகிறது என்கிறார்.

இனி என் சொந்தக் கேள்வி. எம்.டி. பொது மருத்துவம் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். டி.எம். நெஃப்ராலஜி (சிறுநீரக மருத்துவம்) போக ஆசை, கூடவே லேபிலும் இருக்க ஆசை. சீனியர் ஒருவர், "சேற்றில் ஒரு கால், ஆற்றில் ஒரு கால் வைக்காதே" என்கிறார். பைவாட்டர்ஸைப் பார்த்தால் முடியும் போலத்தான் தெரிகிறது. என்ன சொல்கிறீர்கள்?

---

கேள்விக்கணை (வெள்ளி, இரவு 11.58)

நான் டாக்டர் இல்லை, கணக்குப்பிள்ளை. கதை நன்றாக இருக்கிறது. ஆனால் தலைப்பில் கேட்டதற்குப் பதிலே சொல்லவில்லையே தம்பி. அப்புறம் அவர் என்னதான் செய்தார்?

---

இரவுப்பணி (சனி, காலை 12.10)

அட, எழுதுகிற வேகத்தில் விட்டுப்போச்சு சார். மூட்டுக்கே திரும்பிவிட்டார்! 1947இலிருந்து டேப்லோ என்ற ஊரில், கனடா செஞ்சிலுவைச் சங்கம் கட்டிக்கொடுத்த மருத்துவமனையில், மூட்டுவாதம் வந்த குழந்தைகளுக்கான பிரிவை நடத்தினார். பிறகு ஹேமர்ஸ்மித்தில் மூட்டுவாதத் துறைப் பேராசிரியர். பெரியவர்களுக்கு வரும் ஸ்டில்ஸ் நோயை (அதுவும் ஒரு மூட்டுவாதம்தான்) 1971இல் விவரித்தவரும் இவர்தான். 2003இல் காலமானார்.

---

கேள்விக்கணை (சனி, காலை 12.19)

அப்படியானால் சிறுநீரகத்தில் இருந்தது மொத்தமே ஏழெட்டு வருஷம். இதைப் போய் சிறுநீரக ஆராய்ச்சி வாழ்க்கை என்று எப்படிச் சொல்வது? விருந்தாளி வந்தார், சாப்பிட்டார், போனார்.

---

பழைய ரிஜிஸ்ட்ரார் (சனி, காலை 6.40)

கணக்குப்பிள்ளை ஐயா, அந்த விருந்தாளி சமையலறையையே மாற்றிவிட்டுப் போனார்.

நான் இங்கிலாந்து மருத்துவமனைகளில் பல வருடம் ரிஜிஸ்ட்ரார் நிலை டாக்டராக இருந்தவன், இப்போது ஓய்வு. தம்பி எழுதியதில் இரண்டு விஷயம் சேர்க்க வேண்டும்.

ஒன்று, பைவாட்டர்ஸ் முதல் ஆள் இல்லை. 1908 மெஸ்ஸினா நிலநடுக்கத்திலேயே இதே மாதிரி நோயாளிகளை ஜெர்மன் மருத்துவர்கள் பார்த்து எழுதியிருந்தார்கள். முதல் உலகப்போரில் மண்ணில் புதைந்த சிப்பாய்களின் சிறுநீரகத்தைப் பெர்லினில் வெட்டிப் பார்த்து மினாமி என்ற ஜப்பானிய மருத்துவர் 1923இல் எழுதினார். தசையிலிருந்து வரும் பொருள்தான் காரணம் என்ற யோசனைகூட அதில் இருந்தது. எல்லாம் ஜெர்மன் மொழியில் தூங்கிக்கொண்டிருந்தது. லண்டனில் யாருக்கும் நினைவில்லை. பைவாட்டர்ஸே பின்னால்தான் அவற்றைத் தேடி எடுத்தார்.

அப்படியென்றால் பெயர் ஏன் இவருக்கு? மினாமி நோயாளிகள் செத்த பிறகு பார்த்தார். இவர் நோயாளியின் கட்டிலருகே நின்று தினமும் ரத்தம், சிறுநீர், யூரியா, பொட்டாசியம் என்று அளந்துகொண்டே போனார். மனிதன் போன பாதை முழுக்க எண்களாக இருந்தது. பிறகு அதை முயலில் செய்து காட்டினார்.

இரண்டாவது, ஹேமர்ஸ்மித்தில் நடந்த ஒரு கூத்து. டாக்டர் வில்லெம் கோல்ஃப் பற்றிப் பலருக்கும் தெரிந்திருக்கும். நெதர்லாந்தில் கம்பென் என்ற சிற்றூரில், ஜெர்மன் ஆக்கிரமிப்புக்கு நடுவில், தொத்திறைச்சி அடைக்கும் செலோஃபேன் குழாயை மரச்சட்ட உருளையில் சுற்றிச் செயற்கைச் சிறுநீரகம் செய்தவர். 1943இல் தொடங்கி நோயாளிகள் பெரும்பாலும் இறந்துகொண்டே இருந்தார்கள். 1945 செப்டம்பரில் 67 வயதுப் பெண்மணி ஒருவர் பிழைத்தார். போர் முடிந்ததும் கோல்ஃப் தன் இயந்திரங்களைக் காசு வாங்காமல் பல நாட்டுக்கு அனுப்பினார். ஒன்று ஹேமர்ஸ்மித்துக்கு வந்தது. அதை அங்கே ஓட்டியவர்கள் யார் தெரியுமா? நம் பைவாட்டர்ஸும் ஜோக்ஸ் என்ற டாக்டரும். 1948இல் அந்த அனுபவத்தை எழுதவும் செய்தார்கள்.

ஆக, ஐயா, விருந்தாளி கை கழுவிவிட்டு உடனே போய்விடவில்லை.

---

இரவுப்பணி (சனி, காலை 7.05)

சார், இது எனக்குப் புதுசு. கூத்து என்றீர்களே, அது எங்கே?

---

பழைய ரிஜிஸ்ட்ரார் (சனி, காலை 7.50)

காபி குடித்துவிட்டு வந்தேன்.

இயந்திரம் வந்து ஓடியது. ரத்தக் கசிவு, நடுக்கம், ஆயிரம் தொல்லை. அதே மருத்துவமனையில் புல், ஜோக்ஸ், லோ மூவரும் 1949இல் வேறு வழியைக் கொண்டுவந்தார்கள். இயந்திரமே வேண்டாம், சிறுநீரகத்துக்கு ஓய்வு கொடுப்போம், தானாகத் திரும்பி வரும். புரதம் கிடையாது, உப்பு கிடையாது. மூக்கு வழியாக வயிற்றுக்குக் குழாய். அதில் ஒரு நாளைக்கு 400 கிராம் குளுக்கோஸ், 100 கிராம் கடலை எண்ணெய், மொத்தம் ஒரு லிட்டர் தண்ணீருக்குள். வாந்தி எடுத்தால் வடிகட்டி மறுபடியும் குழாய்க்குள்ளேயே.

சிரிக்காதீர்கள். அது வேலை செய்தது! அதுவரை சிறுநீர் வரவில்லை என்றால் டாக்டர்கள் என்ன செய்வார்கள்? தண்ணீரை ஏற்று, இன்னும் ஏற்று, தள்ளிக்கொண்டு வரட்டும் என்பார்கள். மூடிய சாக்கடையில் குடம் குடமாக ஊற்றினால் வீட்டுக்குள்தானே ஏறும்? நோயாளி நுரையீரலில் நீர் கோத்து இறப்பார். புல் அதை நிறுத்தினார். அதனாலேயே பலர் பிழைத்தார்கள்.

ஆனால் அந்த வெற்றி பிரிட்டனை டயாலிசிஸிலிருந்து பல வருடம் தள்ளி வைத்தது. இயந்திரத்தை ஒதுக்கிவிட்டார்கள். மறுபடி ஒழுங்கான டயாலிசிஸ் பிரிவு வந்தது 1956இல், லீட்ஸில், ஃபிராங்க் பார்சன்ஸ் மூலம். இடையில் 1952இல் கொரியப் போரில் அமெரிக்க ராணுவ மருத்துவர் டெஷான் வோன்ஜூவில் இயந்திரத்தை வைத்து ஓட்டினார். சிறுநீரகம் நின்ற போர்க்காயக்காரர்களில் பத்துக்கு எட்டு ஒன்பது பேர் இறந்துகொண்டிருந்த நிலை, ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. எண்ணெய்க் குழாய்க்கு அந்தச் சக்தி இல்லை. தசை நசுங்கியவன் உடம்பில் பொட்டாசியம் ஏறும் வேகத்துக்கு ஓய்வு பத்தாது.

என் வாத்தியார்களில் சிலர் அந்தக் காலத்து ஆட்கள். கடலை எண்ணெய் என்றாலே முகம் சுளிப்பார்கள்.

---

கேள்விக்கணை (சனி, காலை 8.12)

செக்கு எண்ணெயா, ரீஃபைண்டா?

---

டயாலிசிஸ் சிஸ்டர் (சனி, மதியம் 2.30)

டூட்டி முடிந்து இப்போதுதான் படித்தேன். சார் சொன்ன மூடிய சாக்கடை விஷயத்தைத் தினமும் பார்க்கிறவள் நான்.

சில வருடம் முன்பு ஒருத்தர் வந்தார். வீடு கட்டும் இடத்தில் பழைய சுவர் சரிந்து இரண்டு தொடையும் மாட்டிக்கொண்டது. எடுக்க நாலு மணி நேரம். எடுத்தவர்கள் பக்கத்து கிளினிக்குக்குக் கொண்டுபோக, எலும்பு முறியவில்லை என்று சந்தோஷப்பட்டு வலி ஊசி போட்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஒரு பாட்டில் சலைன்கூட ஏற்றவில்லை. சிறுநீரகம் தத்தளிக்கிற நேரத்தில் அந்த வலி ஊசி வேறு. மறுநாள் ராத்திரி எங்களிடம் வந்தபோது பொட்டாசியம் 7.8, இதயமே நின்றுவிடக்கூடிய அளவு. ஈசிஜியில் டி அலை கூடாரம் போட்ட மாதிரி நிற்கிறது. டாக்டர் கால்சியம் குளுக்கோனேட் போட்டுக்கொண்டே என்னைப் பார்த்து டயாலிசிஸ் மெஷினை ப்ரைம் பண்ணுங்கள், தயார் செய்யுங்கள் என்றார். அப்போது அந்த மனிதர் என்னிடம் கேட்டது, "சிஸ்டர், நாளைக்கு வேலைக்குப் போகலாமா?" அவ்வளவு தெளிவாக இருந்தார்.

மூன்று வாரம் டயாலிசிஸ். தினமும் எவ்வளவு யூரின் வருகிறது என்று அவர் மனைவி ஒரு நோட்டில் எழுதுவார். முதல் பத்து நாளும் 30, 50, 40 மில்லி. பதினேழாம் நாள் 400. பிறகு 1,200. ஒரு நாள் காலையில் மூன்று லிட்டர். அந்த அம்மா பாட்டிலைத் தூக்கிக்கொண்டு வார்டு முழுக்கக் காட்டினார். யூரினைப் பார்த்து கைதட்டிய வார்டு எங்களுடையதாகத்தான் இருக்கும்.

புல் என்பவர் சொன்ன "தானாகத் திரும்பி வரும்" என்பது பொய் இல்லை. திரும்பி வரும்வரை ஆளைப் பிடித்து வைக்கத்தான் மெஷின்.

---

நுண்ணோக்கி (சனி, மாலை 5.15)

லேப் டெக்னீஷியன். இந்தக் கதைகளில் எல்லாம் எங்கள் ஆட்கள் பெயர் வராது. பரவாயில்லை.

இரவுப்பணி தம்பிக்கு, வைவாவுக்கு உதவும் ஒன்று சொல்கிறேன். கறுத்த யூரின் வருகிறது. யூரின் சோதிக்கும் ஸ்ட்ரிப்பை முக்கினால் ரத்தம் என்கிற கட்டம் கரும்பச்சையாக மாறும், மூன்று பிளஸ். மேலே எழுதி அனுப்பிவிடலாம். ஆனால் அதே யூரினைச் சென்ட்ரிஃப்யூஜில் சுற்றி, அடியில் தங்கியதை ஸ்லைடில் வைத்துப் பாருங்கள். சிவப்பணு ஒன்றிரண்டுகூட இருக்காது. அதற்குப் பதில் பழுப்பு நிறத்தில், மணல் தூவின மாதிரி, குட்டிக்குட்டி உருளைகள், காஸ்ட் என்போம். நுண்குழலின் அச்சு அப்படியே வார்த்து வந்திருக்கும். ஸ்ட்ரிப்புக்கு ஹீமோகுளோபினும் மயோகுளோபினும் ஒன்றுதான், இரண்டிலும் ஹீம் இருக்கிறதே. பிரித்துச் சொல்வது நுண்ணோக்கிதான். இன்னொரு வழியும் உண்டு. ரத்தத்தைச் சுற்றிவிட்டு மேலே நிற்கும் சீரத்தைப் பாருங்கள். சிவப்பணு உடைந்திருந்தால் சீரம் இளஞ்சிவப்பு. மயோகுளோபின் சின்ன மூலக்கூறு, சீக்கிரம் சிறுநீரில் இறங்கிவிடும், சீரம் வழக்கமான மஞ்சளாகவே இருக்கும்.

இரவு இரண்டு மணிக்கு, "ஆர்பிசி இல்லை, ப்ரௌன் காஸ்ட் நிறைய, சிகே பாருங்கள்" என்று ஒரு துண்டுச்சீட்டு எழுதி அனுப்பினேன் ஒருமுறை. ஆர்பிசி என்றால் சிவப்பணு, சிகே தசை சிதைந்தால் ரத்தத்தில் ஏறும் நொதி. மறுநாள் ஹவுஸ் சர்ஜன் வந்து தேங்க்ஸ் சொல்லிவிட்டுப் போனான். முப்பது வருஷ சர்வீஸில் அது ஒன்றுதான்.

---

இரவுப்பணி (சனி, மாலை 5.40)

சார், நாளையிலிருந்து ஸ்லைடு பார்க்க லேபுக்கு வருகிறேன். நிஜமாக.

---

எலிவளை (சனி, இரவு 9.05)

நான் பி.எச்டி. மாணவி, எம்.பி.பி.எஸ். முடித்துவிட்டு லேபுக்கு வந்தவள். இரவுப்பணியின் உண்மையான கேள்வியை யாரும் தொடவில்லை: இரண்டு கால், இரண்டு இடம் முடியுமா? பைவாட்டர்ஸ் உதாரணம் எனக்குப் பிடிக்கும், ஆனால் அது போர்க்காலம். இன்றைக்குப் பார்க்க வேண்டிய ஆள் ஜோசஃப் பொன்வென்ட்ரே, பாஸ்டனில் பிரிகம் மருத்துவமனைச் சிறுநீரகப் பிரிவின் தலைவராக இருந்தவர். ஹார்வர்டில் எம்.டி., அதோடு பயோஃபிசிக்ஸில் பி.எச்டி. பைவாட்டர்ஸ் வந்துபோனவர் என்றால் இவர் அந்த வீட்டிலேயே குடியிருப்பவர். பல பத்தாண்டுகளாகப் பெரும்பாலும் ஒரே இடம்: நுண்குழலின் முதல் பகுதி. ரத்த ஓட்டம் குறைந்தால் முதலில் அடிபடுவது அதுதான்.

என் வேலையைச் சொன்னால் புரியும். எலியின் சிறுநீரகத் தமனியை ஒரு சின்ன கிளிப்பால் அரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவாக அடைக்கிறோம். சிறுநீரகம் கருஞ்சிவப்பாக மாறுவதைக் கண்ணால் பார்க்கலாம். கிளிப்பை எடுத்தால் சில நொடியில் ரோஜா நிறம் திரும்பும். அடியில் ஹீட்டிங் பேட், உடல் வெப்பம் 37 டிகிரியில் நிற்க வேண்டும். ஒரு டிகிரி இறங்கினாலும் சேதம் குறைந்துவிடும், சோதனை வீண். என் முதல் ஆறு மாதம் இந்த ஒரு டிகிரியோடு மல்லுக்கட்டியே போயிற்று.

இப்படி ரத்தம் நிறுத்தித் திரும்ப விட்ட எலிச் சிறுநீரகத்தில், சாதாரணச் சிறுநீரகத்தில் ஏறக்குறைய இல்லாத எந்த மரபணு முளைக்கிறது என்று தேடியபோது அவர்கள் குழு கண்டதுதான் கிம்-1. 1998இல் கட்டுரை வந்தது, முதல் ஆசிரியர் இச்சிமுரா. அடிபட்ட செல்லின் மேல் இந்தப் புரதம் நிற்கும். அதன் வெளிப்பகுதி அறுந்து சிறுநீரில் விழும். அதாவது சிறுநீரிலேயே செல்லின் புகார்க் கடிதம் வருகிறது. வேடிக்கை என்னவென்றால் இதே புரதத்தை இரண்டு வருடம் முன்பே ஹெபடைட்டிஸ் ஏ வைரஸின் வாசல் என்று வேறு குழு கண்டிருந்தது. பின்னால் ஆஸ்துமா ஆராய்ச்சிக்காரர்களும் இதையே கண்டுபிடித்தார்கள். ஒரே ஆளுக்கு மூன்று ஊரில் மூன்று பெயர்.

ஏன் இது முக்கியம்? நாம் நம்பிக்கொண்டிருப்பது கிரியேட்டினின், சிறுநீரகம் வடிகட்டாவிட்டால் ரத்தத்தில் தேங்கும் கழிவு. சிறுநீரகம் அடிபட்டு ஒரு நாள், இரண்டு நாள் கழித்துத்தான் அது ஏறும். வடிகட்டும் திறனில் பாதி போனாலும் ரிப்போர்ட்டில் நார்மல் என்று வரலாம். மாரடைப்பைக் காட்டிக்கொடுக்க ட்ரோபோனின் என்ற ரத்தச் சோதனை இருக்கிறது. சிறுநீரகத்துக்கு நாம் இன்னும் புகை வந்த பிறகு தீயைத் தேடுகிறோம்.

---

கேள்விக்கணை (சனி, இரவு 9.31)

மேடம், அந்த கிம் டெஸ்ட் எங்கள் ஊர் லேபில் எவ்வளவு?

---

எலிவளை (சனி, இரவு 9.44)

வலிக்கிற இடத்தில் கை வைக்கிறீர்கள். சாதாரண வார்டில் இன்னும் கிரியேட்டினினும் யூரின் அளவும்தான்.

2008இல் அமெரிக்க, ஐரோப்பிய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்புகள் கிம்-1 உட்பட, சேதத்தைக் காட்டும் 7 சிறுநீர்க் குறியீடுகளை (பயோமார்க்கர்) ஏற்றன. எதற்கு? புது மருந்தை எலிக்குக் கொடுத்துப் பார்க்கும்போது பயன்படுத்த. 2018இல் 6 குறியீடுகள் கொண்ட தொகுப்பை அமெரிக்க அமைப்பு மனிதர்களுக்கு ஏற்றது. அதுவும் ஆரோக்கியமானவர்களிடம் மருந்தின் முதல்கட்டச் சோதனையில் மட்டும். 1998க்கும் 2018க்கும் நடுவில் 20 வருடம். ஒரு மனிதர் தன் உழைக்கும் வயதில் பாதியை இதற்குக் கொடுத்திருக்கிறார்.

இரவுப்பணி, பயமுறுத்தச் சொல்லவில்லை. தெரிந்துகொண்டு வாருங்கள் என்கிறேன்.

---

பழைய ரிஜிஸ்ட்ரார் (சனி, இரவு 10.20)

எலிவளை அம்மாவுக்கு ஒரு சின்ன ஆட்சேபணை. கிரியேட்டினினை ரொம்பத் திட்டாதீர்கள். 48 மணி நேரத்தில் அது 0.3 மி.கி. (டெசிலிட்டருக்கு) ஏறினாலே தீவிரச் சிறுநீரகப் பாதிப்பு என்று 2012 உலக வழிகாட்டி சொல்கிறது. 1.0 இருந்தது 1.3 ஆனால் எத்தனை வார்டில் யார் கவலைப்படுகிறார்கள்? "நார்மலுக்குப் பக்கத்தில்தானே" என்று பக்கத்தைத் திருப்புவார்கள். கையில் இருக்கும் எண்ணையே பார்க்காதவனுக்குப் புது எண் எதற்கு?

யூரின் அளவும் அப்படித்தான். உடல் எடையில் ஒரு கிலோவுக்கு மணிக்கு அரை மில்லிக்குக் கீழே ஆறு மணி நேரம் போனாலே மணி அடிக்க வேண்டும். சிஸ்டர் சொன்ன அந்த அம்மாவின் நோட்டு இருக்கிறதே, அதுதான் உலகத்திலேயே மலிவான பயோமார்க்கர்.

---

எலிவளை (சனி, இரவு 10.33)

ஒப்புக்கொள்கிறேன் சார். ஆனால் இரண்டும் வேண்டும்.

---

வன்னிவைத்தியர் (ஞாயிறு, காலை 9.10)

வணக்கம், வவுனியாவிலிருந்து. நீங்கள் கட்டடம், குண்டு என்று கதைக்கிறீர்கள். எங்கள் பக்கம் இடிபாடு இல்லாமலே தசை கரைந்து கறுத்த சிறுநீர் வருவதைக் காணலாம். கண்ணாடி விரியன் கடி. இந்தியாவில் அந்தப் பாம்பு கடித்தால் ரத்தம் உறையாமல் போவதும் சிறுநீரகம் நிற்பதும்தான் பெரிதாகப் பேசப்படும். இலங்கைக் கண்ணாடி விரியனின் நஞ்சில் அவற்றோடு தசையைச் சிதைக்கும் குணமும் கண் இமை சரியவைக்கும் குணமும் கூட உண்டு. வயலில் கடி வாங்கி வருகிற கமக்காரருக்கு உடம்பெல்லாம் நோகும், சிறுநீர் கோலா நிறம். நுண்ணோக்கி அண்ணர் சொன்ன அதே ஸ்லைடு.

பைவாட்டர்ஸ் லண்டனில் கண்டது குண்டின் நோய் என்று நினைத்திருந்தால் அது போரோடு போயிருக்கும். அவர் மயோகுளோபின்வரை இறங்கிப் பார்த்தபடியால்தான் அது எனக்கும் உதவுகிறது.

---

டயாலிசிஸ் சிஸ்டர் (ஞாயிறு, காலை 10.02)

டாக்டர், ஒரு சந்தேகம். எங்கள் யூனிட்டில் இப்படி கேஸ் வந்தால் சோடியம் பைகார்பனேட் போடச் சொல்பவரும் இருக்கிறார், வெறும் சலைன் போதும் என்பவரும் இருக்கிறார். முயல் கதை உண்மையென்றால் சிறுநீரின் அமிலத்தைக் குறைக்க பைகார்ப் போட வேண்டியதுதானே?

---

பழைய ரிஜிஸ்ட்ரார் (ஞாயிறு, காலை 11.15)

நல்ல கேள்வி சிஸ்டர். முயலில் தெரிந்தது மனிதனில் அவ்வளவு தெளிவாக நிரூபணமாகவில்லை. சலைனைச் சீக்கிரம், போதுமான அளவு கொடுப்பதுதான் முக்கியம், பைகார்ப் அதற்கு மேல் எவ்வளவு சேர்க்கிறது என்பதில் இன்னும் வாதம். நான் போட்டிருக்கிறேன், போடாமலும் இருந்திருக்கிறேன்.

"சீக்கிரம்" என்பதற்கு ஒரு கதை. 1982இல் லெபனானில் டயர் நகரில் ஒரு கட்டடம் இடிந்தது. ஹைஃபாவிலிருந்து ஓரி பெட்டரும் சகாக்களும். தசை நசுங்கிய ஏழு பேருக்கு, இடிபாட்டிலிருந்து எடுத்தவுடனே, மருத்துவமனைக்கு வருமுன்பே, நரம்பில் திரவம் ஏற்றத் தொடங்கினார்கள். ஏழு பேரில் ஒருவருக்கும் சிறுநீரகம் நிற்கவில்லை. சின்ன எண்ணிக்கை, ஒப்பிட ஆள் இல்லை, எல்லாம் சரி. ஆனால் அதைப் படித்த பிறகு, கையை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருப்பவருக்குக்கூட அந்தக் கையில் ட்ரிப் போடலாம் என்று மீட்புப் படைகள் கற்றுக்கொண்டன.

இப்போது புல்லின் கதையோடு சேர்த்துப் பாருங்கள். முதல் ஆறு மணி நேரத்தில் அதே உப்புத் தண்ணீர் அமிர்தம். சிறுநீர் நின்று மூன்றாம் நாள் அதே தண்ணீர் ஆளைக் கொல்லும். பாட்டில் ஒன்று, லேபிள் ஒன்று, கடிகாரம் மட்டும் வேறு. நான் ஜூனியர்களுக்குச் சொல்லித் தந்ததில் பாதி இதுதான்.

---

வன்னிவைத்தியர் (ஞாயிறு, மதியம் 12.40)

1988 ஆர்மேனிய நிலநடுக்கத்தில் டயாலிசிஸ் இயந்திரங்கள் பல நாட்டிலிருந்து பறந்து வந்தும் ஒழுங்கமைக்க ஆள் இல்லாமல் குழப்பமாகிவிட்டது என்று படித்தேன். அதற்குப் பிறகுதான் சர்வதேச நெஃப்ராலஜி சங்கம் பேரிடருக்கென்று தனி அணி அமைத்தது. 1999 ஆகஸ்ட் துருக்கி மர்மரா நிலநடுக்கத்தில் அந்த அணி போனது. சிறுநீரகம் பாதித்தவர்கள் 639, டயாலிசிஸ் தேவைப்பட்டவர்கள் 477. நான்கு பேரில் தொடங்கிய கணக்கு.

---

கேள்விக்கணை (ஞாயிறு, மதியம் 1.05)

சரி, விருந்தாளி என்று சொன்னதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். ஆனால் கணக்குப்பிள்ளை புத்தி போகாது. பைவாட்டர்ஸ் மூட்டுக்குப் போகாமல் சிறுநீரகத்திலேயே இருந்திருந்தால் இன்னும் என்னவெல்லாம் கண்டுபிடித்திருப்பார் என்று யாருக்கும் தோன்றவில்லையா?

---

எலிவளை (ஞாயிறு, மதியம் 1.30)

எனக்கு எதிர்ப்பக்கமாகத் தோன்றியது. பாஸ்டனில் மூட்டைப் படித்தபோது திசுவின் வேதியியலைப் பார்க்கப் பழகியிருந்தார். அதனால்தான் நசுங்கிய காலைப் பார்த்ததும் எலும்பைவிட்டுத் தசையைக் கவனித்தார் என்று நினைக்கிறேன். நெஃப்ராலஜி என்ற துறையே அப்போது கிடையாது. இருந்திருந்தால் அந்த நோயாளி நெஃப்ராலஜி வார்டுக்கும் பைவாட்டர்ஸ் ரூமட்டாலஜி (மூட்டுவாத) வார்டுக்கும் போயிருப்பார்கள், இருவரும் சந்தித்தே இருக்கமாட்டார்கள். இது என் ஊகம்தான்.

இரவுப்பணிக்கு என் பதில்: முடியும், ஆனால் காலை இரண்டு இடத்தில் வைப்பதாக நினைக்காதீர்கள். வாரத்தில் எந்த நாள் எலி, எந்த நாள் ஓ.பி. என்று முதலிலேயே தலைவரிடம் எழுதி வாங்குங்கள். வாய்வார்த்தை நிற்காது. நான் அதில் அடிபட்டவள்.

---

இரவுப்பணி (செவ்வாய், இரவு 8.15)

எல்லாருக்கும் நன்றி. இன்று அந்தப் பேராசிரியரை காண்டீனில் பார்த்தேன். பக்கத்தில் போய், "சார், பைவாட்டர்ஸ் மூட்டுவாதக் குழந்தைகளைப் பார்க்கப் போய்விட்டார். நடுவில் கோல்ஃப் மெஷினையும் ஓட்டினார்" என்றேன். பஜ்ஜியை வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். மினாமி, கடலை எண்ணெய், டயர் நகரம் என்று மூச்சுவிடாமல் ஒப்பித்தேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, "நல்லது. பீல் யார்?" என்றார்.

மறுபடியும் முழித்தேன்.

---

நுண்ணோக்கி (செவ்வாய், இரவு 8.22)

டெஸ்மண்ட் பீல். உயிர்வேதியியலாளர். எங்கள் ஆள், தம்பி! ஸ்லைடு பார்க்க வருகிறேன் என்றீர்களே, நாளைக்கு நாலு மணிக்கு வாருங்கள். இன்று ஒரு சாம்பிள் வந்திருக்கிறது, ஃபிரிட்ஜில் எடுத்து வைத்திருக்கிறேன்.